நத்தை வராத குழாய்

ஊரில் எல்லாக் குழாயிலும் நத்தை வந்துகொண்டிருந்த வருஷங்களில், வடிகட்டிக்காரர் வீட்டுக் குழாயில் மட்டும் ஒரு நத்தைகூட வரவில்லை. ஒரே தண்ணீர், ஒரே தெரு, பூமிக்கடியில் ஒரே இரும்புக் குழாய். ஆனாலும் அவருக்கு இடது பக்கத்து வீட்டுத் தையல்காரி காலையில் குழாயைத் திறந்தால் அது முதலில் ரெண்டு இருமல் இருமும், அப்புறம் வாளியின் அடியில் சடசடவென்று நத்தை கொட்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். வலது பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் குழாய் வாயில் பழைய பனியன் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்; ஒரு வேளைக்குத் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் பனியன் கனத்துப் பை மாதிரி தொங்கிவிடும். நடுவிலிருந்த வீட்டில் மட்டும் தண்ணீர் கண்ணாடியாக வந்தது. டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், டம்ளர் காலியோ என்று சந்தேகம் வரும்.

இதை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. நீர்வாரியத்தார் வந்து தெருவைத் தோண்டி, அந்த வீட்டுக்குக் குழாய் பிரிகிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாயைப் பொருத்திவிட்டுக் குழிக்குள் குனிந்து பார்த்தார்கள். நத்தைகள் தண்ணீரோடு உருண்டு வந்தன. பிரிகிற இடம் வந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்த வீட்டுப் பக்கம் கொம்பை நீட்டி ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலதிகாரியின் அறையைக் கடக்கிற குமாஸ்தாக்கள் மாதிரி சத்தம் காட்டாமல் ஓரமாக ஒதுங்கி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன. தண்ணீரின் அழுத்தம் என்றார் பொறியாளர். குழாயின் சாய்வு என்றார் பிளம்பர். குழியை மூடினார்கள். தெருப் பிள்ளைகள் இன்னொரு விதமாகச் சோதித்தார்கள்: கை நிறைய நத்தையை அள்ளி அந்த வீட்டு வாளிக்குள் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நத்தைகள் வாளியின் உள்பக்கம் ஏறி, வெளிப்பக்கம் இறங்கி, முற்றத்தை நிதானமாகக் கடந்து, மத்தியானத்துக்குள் கேட்டுக்கு வெளியே போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஊர் தனக்குப் பிடித்த காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. மனுஷனுக்கு மனசு சுத்தம், அதனால் தண்ணீரும் சுத்தம். இதை முதலில் சொன்னது கணக்கு டீச்சர்தான். அதைக் கேட்ட அன்று வடிகட்டிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் ஊருக்குள் அந்த நத்தையை விட்டதே அவர்தான்.

அவர் நீர்வாரியத்தில் மணல் படுகைகளுக்கு மேற்பார்வையாளர். ஆற்றிலிருந்து ஏறுகிற தண்ணீர் மணலுக்குள் இறங்கித் தெளிந்து, மூடி போட்ட ஒரு பெரிய தொட்டியில் சேரும். அங்கிருந்து குளோரின் அறைக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு ஊருக்குள் ஓடும். இதையே பார்த்துப் பார்த்து அவருக்கு வடிகட்டிக்காரர் என்று பேர் நிலைத்துவிட்டது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. வீட்டில் ஒரே ஒரு கிறுக்கு, மீன் தொட்டி. அதிலும் வண்ண மீனைவிட அவருக்குப் பிரியமானது அடிமணலில் கிடந்த நத்தை. வெப்பமான நாட்டுக் குளம் குட்டைகளில் இருக்கிற சின்னச் சாதி. தொட்டிக்குச் செடி வாங்கியபோது வேரில் ஒட்டிக்கொண்டு வந்தது. நீளமாய், நுனி கூர்மையாய், பழுப்புப் புள்ளி போட்டிருக்கும். மீன் கடைக்காரர்கள் ஊசி நத்தை என்பார்கள். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும், விளக்கை அணைத்தால் வெளியே வரும். அதற்கு ஆண் துணையே தேவையில்லை. ஒண்டியாக ஒன்று இருந்தால் போதும், முட்டைகூடப் போடாமல் குட்டியாகவே பெற்றுத் தள்ளிவிடும். ஆபத்து என்று தோன்றினால் ஓட்டின் வாயிலிருக்கிற சின்னக் கதவைச் சாத்திக்கொண்டு, எவன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று உள்ளே கிடக்கும். இந்தக் கடைசிக் குணம் தனக்கும் உண்டு என்பது வடிகட்டிக்காரருக்கு அப்போது தெரியாது.

மீன் வளர்க்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: தொட்டி மணலைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளோரின் பட்டால் மணலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, பின்னாலேயே மீனும் மிதக்கும். நீர்வாரியத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று தெரியும்: குளோரின் சேருவதற்கு முந்தின தண்ணீர் எங்கே இருக்கிறது என்று. ரெண்டும் தெரிந்த ஆள் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான், அதனால் இந்தத் தப்பைச் செய்யக்கூடிய ஆளும் இவர் ஒருத்தர்தான். வழக்கமாக மீன் தொட்டி மணலை வாரியத்துக்கு எடுத்து வந்து, அந்த மூடி போட்ட பெரிய தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு வெளியே வைத்துத்தான் கழுவுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதுகுவலி. வாளி தூக்கச் சோம்பல்பட்டு, வீட்டிலிருந்து எடுத்து வந்த மாவுச் சல்லடையில் மணலைக் கொட்டி, நேரே தொட்டிக்குள் இறக்கி அலசினார். அன்றைக்கு டியூட்டியில் இருந்தது அவருடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. வேலையே மாமா சொல்லித்தான் கிடைத்திருந்தது. மாமா கேட்டதும் மூடியின் பூட்டைத் திறந்துவிட்டதும் அவன்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் பொறியாளரின் ஜீப் ஹாரன் அடித்தது. மச்சினன் கேட்டைத் திறக்க ஓடினான். வடிகட்டிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை; சல்லடை நழுவித் தொட்டிக்குள் போய்விட்டது. மிச்ச மணலை அள்ளிக்கொண்டு, மூடியைக்கூட இழுத்துவிடாமல், பின்வாசல் வழியாக மனுஷன் கம்பி நீட்டிவிட்டார். பொறியாளர் வந்து பார்த்தபோது ஊர் குடிக்கிற தொட்டி ஆகாயத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. மச்சினன் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கினான். மாமா பேரை எடுக்கவில்லை.

வீட்டில் மனைவி சல்லடையைத் தேடினாள். ஒரு பக்கம் பிரிந்துபோன வலையைச் சிவப்பு நூலால் இழுத்துக் கட்டி அவள் பழக்கிவைத்திருந்த சல்லடை. வீடு முழுக்கத் தேடிவிட்டு, தையல்காரிதான் இரவல் வாங்கிப் போய் அமுக்கிவிட்டாள் என்று முடிவு கட்டி, அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். வடிகட்டிக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மழை ஓய்ந்த சமயத்தில் பேருந்து நிலையத்து டீக்கடைக் குழாயில் முதல் நத்தை வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஓட்டல், அச்சகம் என்று குழாய் இருந்த இடமெல்லாம் நத்தை. முடி வெட்டுகிறவர் தெளிப்பானை அமுக்கினால் வாடிக்கையாளரின் தலையில் நத்தை உட்கார்ந்தது. மரக்கடை ஒன்று தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி தண்ணீரைவிட நத்தையைத்தான் அதிகம் பீய்ச்சியது. தீ அணைந்துவிட்டதால் யாரும் புகார் சொல்லவில்லை. குளோரினைக் கூட்டினால் நத்தைகள் கதவைச் சாத்திக்கொண்டன, குறைத்தால் திறந்துகொண்டன. கடைசியில் தொட்டியை வற்றவைத்துப் பார்த்தார்கள். அடியில் ஒரு சல்லடை கிடந்தது. அதன் மேல் வலை தெரியாதபடி நத்தை அப்பியிருந்தது.

விசாரணை பொறியாளரின் அறையில் நடந்தது. மேசைமேல் பழைய துணியை விரித்துச் சல்லடையை வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஊழியர்கள் நின்றார்கள், வடிகட்டிக்காரர் ஜன்னலோரம் நின்றார். சிவப்பு நூல் அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது. யாருடையது இது என்று பொறியாளர் கேட்டார். மூடி திறந்து கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டதால், அறையிலிருந்த கண்ணெல்லாம் மச்சினன்மேல் திரும்பின. மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அப்படி ஒரு அக்கறையோடு ஒரு மின்விசிறியை அதற்கு முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"என்னோடதுதான் சார்," என்றான் மச்சினன். பொறியாளர் சல்லடையைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்; மூடி திறந்து கிடந்த கதை மட்டும்தான் ஊருக்குத் தெரிந்தது.

அந்த நேரத்திலாவது வடிகட்டிக்காரர் வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாளே மச்சினனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்; வேலை போன பிறகு சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. அடுத்த மாதம், நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் ஊர்த் தண்ணீரைக் கெடுத்தவனுக்குப் பெண் இல்லை என்று விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சொல்ல வேண்டுமானால் இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது. இப்படியே சொல்ல வேண்டியதின் கனம் ஏறிக்கொண்டே போனது, அவருடைய முதுகோ ஏற்கெனவே வாளிகூடத் தூக்காத முதுகு. மீன்களை ஒரு கடைக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டு, தொட்டியைக் கழுவி, பரண்மேல் கவிழ்த்து வைத்தார். மனைவி ஏன் என்று கேட்டதற்கு அலுத்துவிட்டது என்றார்.

அவருக்கு மட்டும் நத்தைகள் ஏன் தன் வீட்டுக்கு வருவதில்லை என்று தெரிந்திருந்தது. அவை நன்றி காட்டின. மணலுக்குள் கிடந்த காலத்தில் வேகவைத்த கீரையைக் கிள்ளிப் போட்டு வளர்த்தவர் என்ற மரியாதை, இன்னும் பரந்த உலகத்துக்கு வழிகாட்டியவர் என்ற மரியாதை. யாரை ஏமாற்றினாலும் நத்தையையா ஏமாற்ற முடியும், அவற்றுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் மரியாதை செய்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது மடல்வரைக்கும் சூடேறியது. தெருவில் நடக்கும்போது சாக்கடை ஓரத்து நத்தைகள் வழிவிட்டு ஒதுங்குவதைப் பார்த்து, வேறு தெரு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தார். அந்தத் தெரு நத்தைகளும் ஒதுங்கின.

இதற்கிடையில் வீட்டு வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்குப் பால் கலக்க, நோயாளிக்கு மாத்திரை கொடுக்க, கண்ணாடிப் பாத்திரம் கழுவ என்று ஆளாளுக்குக் குடத்தையும் கேனையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழாய் முற்றத்தில் இருந்தது. மனைவி முக்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் பிடித்துக் கொடுத்தாள். அவள் இயல்பிலேயே கொஞ்சம் பெருமைக்காரி. அதுவரைக்கும் பெருமைப்பட ஒன்றும் வாய்க்காததால் வெளியே தெரியாமல் இருந்தது. இப்போது வாய்த்துவிட்டது. வருகிறவர்கள் உங்க வீட்டுக்காரர் கை பட்ட தண்ணீர் என்று சொல்லச் சொல்ல, அவள் முகம் நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டே போனது. கணக்கு டீச்சர் இதை எல்லோர் முன்னாலும் சொன்னார், பொய் இல்லை. அந்த வருஷங்களில் அவளுடைய நரைமுடி வேரிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. வடிகட்டிக்காரர் வரிசையைத் தாண்டி வெளியே போகும்போது ஜனங்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். எவ்வளவு அடக்கம் பாருங்க என்றார்கள்.

மச்சினனும் அந்த வரிசைக்கு வந்தான். வேறு எங்கும் யாரும் வேலை கொடுக்காததால், அக்கா வீட்டுத் தண்ணீரைக் கேனில் பிடித்து, மூன்று சக்கர வண்டியில் வைத்து ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தள்ளிக்கொண்டு போகிற வேலையைத் தானே ஏற்படுத்திக்கொண்டான். ஊர் அவனுக்கு நத்தை என்று பேர் வைத்திருந்தது. நத்தை வந்துட்டான், வழி விடுங்க என்பார்கள். அவனும் கொம்பு மாதிரி ரெண்டு விரலைத் தலைமேல் வைத்துக் காட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்பான். அவனை விலக்கிவிட்ட பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு ஒரு நாள் அதே வரிசையில் வந்து நின்றாள். அவன் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் பின்னால் போனான். அக்கா தம்பியோடு பேசுவதை விட்டிருந்தாள். வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த வேலையில் அவர் மானத்தையே வாங்கிவிட்டான் என்பது அவள் கோபம். தம்பியின் கேனை மட்டும் நிமிர்ந்து பார்க்காமல் பிடித்தாள், நிறைந்ததும் குழாயை மூடினாள், அதுதான் அவர்களுக்குள் பேச்சு. சின்ன வயதில் அம்மா போன பிறகு அவனை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள். வடிகட்டிக்காரர் ஜன்னல் வழியாக இதைத் தினமும் பார்த்தார். மச்சினன் அவரைப் பார்த்தால் வணக்கம் மாமா என்பான். அந்த வணக்கத்துக்குப் பதில் அவன் ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

வருஷங்கள் போயின. ஒரு நாள் சேர்மன் அந்த வீட்டுச் சுவரில் பித்தளைத் தகடு ஒன்று பதிப்பது என்று முடிவு செய்தார். தூய்மையின் இல்லம் என்று அதில் பொறித்திருந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள், ஒலிபெருக்கி கட்டினார்கள். பாராட்டிப் பேசியவர்கள் எல்லோரும் பேச்சுக்கு நடுவில் அந்த வீட்டுத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார்கள். வடிகட்டிக்காரரை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதல் வரிசையில் மனைவி, கடைசியில் வண்டியோடு மச்சினன். எப்படித்தான் வந்ததோ, ஒலிபெருக்கி முன்னால் நின்று அவர் சொல்லிவிட்டார்.

"இதுக்கு எனக்கு அருகதை இல்லைங்க. தொட்டி மூடியைத் திறந்து போட்டது என் மச்சினன் இல்லை. நான்தான்."

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். சேர்மன் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு, மச்சினன் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற இந்த மனசு யாருக்கு வரும், இந்த வீட்டில் எப்படி ஐயா நத்தை வரும் என்று ஒலிபெருக்கியில் கேட்டார். கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் நின்ற மச்சினனும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினான். வடிகட்டிக்காரருக்கு அந்த மேடை அப்படியே பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. அது நல்ல பலகை, பிளக்கவில்லை.

இது வரைக்கும் நடந்ததைக்கூட மன்னித்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் எதிரில் உட்கார்ந்து, அவனுக்காக நீங்க ஏன் அவ்வளவு பேர் முன்னாடி பொய் சொன்னீங்க என்று கேட்டாள். கேள்வி எவ்வளவு சுலபமானது. பொய் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஊர் நம்பாவிட்டாலும் அவள் நம்பியிருப்பாள். ஆனால் அவள் அவரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சரி விடு என்றார். அவர் வாழ்க்கையில் செய்த எல்லாவற்றிலும் கேவலமானது அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்லுவார்.

அந்தச் சரி விடு என்ன வேலை செய்தது என்று மறுநாள் காலையில் தெரிந்தது. அவர் உள்ளே கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் வரிசை. மச்சினனின் முறை வந்தபோது மனைவி கேனை வாங்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியிடம் பேசினாள்.

"நாளையிலேர்ந்து இங்க வராதே. உன் பாவத்தையெல்லாம் அவர் சுமந்தது போதும். எங்கேயாவது போய்ப் பிழைச்சுக்க."

மச்சினன் சரிக்கா என்றான். காலிக் கேன்களை ஒவ்வொன்றாக வண்டியில் திரும்ப அடுக்கினான், கயிற்றைப் போட்டுக் கட்டினான். இன்றைக்கு இவன் இந்தக் கேட்டைத் தாண்டினால் அக்காவும் தம்பியும் இந்த ஜென்மத்தில் முகம் பார்க்க மாட்டார்கள் என்பது கண்ணாடி முன்னால் நின்றவருக்குத் தெரிந்துவிட்டது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, கழுத்தில் துண்டோடு, அப்படியே முற்றத்துக்கு வந்தார். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

"உன் சல்லடையைத் தையல்காரம்மா எடுக்கலை," என்றார் மனைவியிடம். "நான்தான் எடுத்துட்டுப் போனேன். மீன் தொட்டி மண்ணைக் கழுவ. ஊர்த் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு. ஓரத்துல சிவப்பு நூல் போட்டுக் கட்டியிருந்தியே, அதுதான். அந்த இன்ஜினியர் பீரோவுல இன்னும் இருக்கு, போய்ப் பாரு. நத்தை எல்லாம் அதுலேர்ந்து போனதுதான். இவன் எனக்காகப் பொய் சொன்னான். நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

சிவப்பு நூலை எந்தப் பெருந்தன்மையாலும் கற்பனை செய்ய முடியாது. மனைவியின் கை குழாயைத் தேடிப் பிடித்து மூடியது. வரிசையில் நின்ற தையல்காரியை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டா சொல்லலை?"

மச்சினன் வண்டிக் கயிற்றை நோண்டிக்கொண்டு நின்றான். "உனக்கு மாமாவைப் பத்தி அவ்வளவு பெருமைக்கா," என்றான். "வேற எதுக்கும் நீ அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அதை எப்படிப் பறிக்கிறது?"

வடிகட்டிக்காரர் நுரை காய்ந்த முகத்தோடு நின்றார். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. தோலை உரித்துக் கொடியில் போட்டுவிட்டு நிற்கிற மாதிரி. மனைவி எழுந்து போய்த் தம்பியின் வண்டியிலிருந்து ஒரு கேனை எடுத்துவந்து, எல்லோருக்கும் முன்னால் குழாயடியில் வைத்துத் திருகினாள். குழாய் இருமியது. அந்த வீட்டில் அது இருமுவதை யாரும் கேட்டதில்லை. இன்னொரு தடவை இருமி, ஒரு நத்தையைத் துப்பியது. கேனின் அடியில் அது டக்கென்று விழுந்த சத்தம் வரிசையின் கடைசிவரைக்கும் கேட்டது. பின்னாலேயே மற்றவை வந்தன.

அந்த வாரத்துக்குள் ஊர்க் குழாய்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்துவிட்டன. டீக்கடையில் நின்றது, ஆஸ்பத்திரியில் நின்றது, கணக்கு டீச்சர் பனியனை அவிழ்த்துத் தரை துடைக்கப் போட்டார். அத்தனை நத்தையும் குழாய்வழியே திரும்பி ஒரே வீட்டுக்கு வந்தன. மரியாதை எல்லாம் போய்விட்டது, உரிமையோடு வந்தன. பொறியாளர் மாறியிருந்தார். புது ஆள் வடிகட்டிக்காரர் சொன்னதைக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, அவரைப் படுகையிலிருந்து எடுத்துப் பழைய சாமான் கிடங்குக்குப் போட்டார். மச்சினனைத் திரும்ப வேலைக்கு எடுத்து, தொட்டி மூடிச் சாவியை அவன் கையிலேயே கொடுத்தார். கல்யாணம் மட்டும் அவனுக்கு அமையவேயில்லை. நத்தை என்ற பேரும் போகவில்லை, இப்போது செல்லமாகக் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஊர் வடிகட்டிக்காரரைக் கொஞ்ச நாள் திட்டியது. பிறகு, தன் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறபோது எவ்வளவு நாள்தான் அடுத்தவனைத் திட்டிக்கொண்டிருக்க முடியும் என்று விட்டுவிட்டது. பித்தளைத் தகட்டைக் கழற்ற வந்த ஆள், திருகு துருப்பிடித்துவிட்டது என்று போய்விட்டான். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குள் போகவேண்டும்.

மனைவியின் முடி மறுபடி நரைத்தது. தம்பிக்குத் தட்டு வைத்து அழைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். தையல்காரி வீட்டுக்குத் தானே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். கணவரோடு மட்டும் பேசவில்லை. சாப்பாட்டை வைப்பாள், தண்ணீர் வைக்கமாட்டாள். அவர் தானே எழுந்து போய்ப் பிடித்து, நத்தையை வடித்துவிட்டுக் குடித்துக்கொள்வார். பரணிலிருந்து மீன் தொட்டியை இறக்கிக் கழுவி முற்றத்தில் வைத்தார். காலையில் குழாயைத் திறந்து, வருகிற நத்தையையெல்லாம் துணியில் ஏந்தி அதில் விட்டார். எவ்வளவு விட்டாலும் தொட்டி நிறையவில்லை; அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை. ஒரு நாள் கடைவீதியில் ஒரு மாவுச் சல்லடை வாங்கிவந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுப்படி மேடையில் வைத்தார். அது நெடுநாள் வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு ஒரு நாள் ஆணியில் தொங்கியது.

பிற்பாடு ஒரு காலையில் மீட்டர் பார்க்கப் புதிதாக ஒருத்தர் வந்தார். வெளியூர்க்காரர். குழாய் இருமி நத்தை கொட்டுவதைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஊரில் எங்கேயும் இப்படி இல்லையே, குழாயில் ஏதோ பழுது, ஆபீசில் சொல்லிச் சரிசெய்யச் சொல்கிறேன் என்றார். வடிகட்டிக்காரர் கதவுக்குப் பின்னால் துணியோடு நின்றிருந்தார். வாய் திறக்க வேண்டியது தன் முறைதான் என்று தெரிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே வரப் பார்த்தார். அதற்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி பேசினாள்.

"வேண்டாம்பா. அது எங்க வீட்டு நத்தை. ஊரெல்லாம் சுத்திட்டு வீட்டுக்கு வந்திருக்கு."

மீட்டர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். எங்க வீட்டு என்ற வார்த்தை கதவுக்குப் பின்னால் நின்றவரின் காதில் விழுந்தது. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மனைவி உள்ளே போய் ஆணியிலிருந்த சல்லடையை எடுத்துவந்து குழாய்க்கு அடியில் பிடித்தாள். வடிந்த தண்ணீரில் ஒரு டம்ளர் பிடித்து, அவர் இருந்த பக்கமாகத் தரையில் தள்ளி வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்து குடித்தார். குழாய் இருமிக்கொண்டே இருந்தது.